அண்ணல் அம்பேத்கரும் இருவகைக் கடனும்



கடன் என்னும் சொல்லுக்கு நம் தமிழ்மொழியில் இரண்டு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் கடன். மனிதனாய்ப் பிறந்தவன் செய்தே தீர வேண்டியதும் கடன். முன்னதற்குப் பத்திரம் உண்டு, சாட்சி உண்டு, தவறினால் வழக்கு மன்றம் உண்டு. பின்னதற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தாய் தன் மகவுக்குப் பாலூட்டுவதாக எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட்டதில்லை. வழியில் மயங்கி விழுந்தவனைத் தூக்கி நிறுத்துபவன் எவருக்கும் வாக்குக் கொடுத்தவன் அல்லன். ஆயினும் இவற்றைச் செய்யாதவனை உலகம் இகழ்கிறது. அவனுடைய உள்ளமே அவனை உறுத்துகிறது. முன்னதைச் சட்டக் கடன் என்றும், பின்னதை அறக் கடன் என்றும் கூறுவோம்.

இவ்விரண்டும் சில வேளைகளில் ஒன்றாகச் செல்கின்றன. சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதுகின்றன. சட்டம் ஒன்றைச் செய் என்கிறது. அறம் வேறொன்றைச் செய் என்கிறது. அப்போது மனிதன் எவ்வழி நிற்பது? சட்டம் யாதொன்றும் கேளாதிருக்கும் இடத்தில் அறம் நம்மைக் கேட்கிறது. கேட்பார் இல்லையென்று வாளாவிருந்து விடலாமா?

இவ்வினாக்களுக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமக்குத் தம்ம தீட்சை என்னும் பெரும்பேற்றை அளித்த போதிசத்துவர் பாபாசாகிப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையே தக்க விடையாகும். வழக்கறிஞராகவும், சட்ட அமைச்சராகவும், அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவராகவும் விளங்கிய அப்பெருமகனார், இறுதியில் எந்தச் சட்டமும் வற்புறுத்தாத ஒரு கடனைத் தாமே விரும்பி ஏற்றார். அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஈண்டுக் காண்போம்.

கையெழுத்திட்ட கடன்

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மாவ் என்னும் படைவீட்டு நகரில், சுபேதார் இராம்ஜி சக்பால் அவர்களுக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காவது மகவாகப் பீமராவ் பிறந்தார். மகார் குலத்தில் பிறந்த ஒரே காரணத்தால், பள்ளியில் ஏனைய மாணவரோடு சமமாக அமரவும், தாகம் எடுத்தபோது குழாயைத் தம் கையால் திறக்கவும் அச்சிறுவருக்கு இடம் இல்லாதிருந்தது. எனினும் தந்தையாரின் ஊக்கத்தால் கல்வியைக் கைவிடாது பயின்று, 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர்ப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதந்தோறும் அளித்த 25 ரூபாய் உதவியைக் கொண்டு, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913-ஆம் ஆண்டு அம்மன்னர் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி மேற்கல்வி பயிற்றுவிக்க முன்வந்தார். மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்படும். கற்றுத் திரும்பியபின் 10 ஆண்டுகள் பரோடா அரசில் ஊழியம் புரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். பீமராவ் அதில் கையெழுத்திட்டார். நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டன் சென்று பொருளாதாரமும் சட்டமும் பயிலத் தொடங்கினார். ஆனால் உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டமையால், 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது.

திரும்பியவர் எங்குச் சென்றார்? அவ்வளவு உயர்ந்த கல்வி பெற்ற ஒருவர் பம்பாயிலேயே ஒரு வேலையைத் தேடிக்கொள்ள முயன்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றும் பொருட்டு நேரே பரோடாவுக்குச் சென்றார். சொன்ன சொல்லைக் காக்கச் சென்ற அவருக்கு அந்நகரில் கிடைத்த வரவேற்பு யாது?

தங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதிகள் அவரை ஏற்கமாட்டா. எனவே பார்சிகளின் விடுதி ஒன்றில் வேற்றுப் பெயருடன் தங்கினார். அலுவலகத்தில் சேவகர்கூடத் தீட்டுக்கு அஞ்சிக் காகிதக் கட்டுகளைத் தொலைவிலிருந்து மேசைமேல் எறிந்தனர். விடுதியில் சேர்ந்த பதினோராம் நாள், கையில் தடிகளுடன் ஒரு கூட்டத்தார் வந்து, அவர் யாரென்று கேட்டு, அன்று மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று மிரட்டிச் சென்றனர். அறிந்த நண்பர் இருவரை அணுகினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் ஏதேதோ காரணம் கூறிக் கைவிரித்தனர். செல்ல இடமின்றிக் காமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவில் சில மணி நேரம் அமர்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார்.

தோழர்களே! இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குங்கள். அவரைப் பணியில் அமர்த்தியது அந்நாட்டு மன்னரின் அரசு. சட்டப்படி அவருக்கு அலுவலகத்தில் நாற்காலி உண்டு, சம்பளம் உண்டு. ஆனால் அம்மன்னரின் ஆணையால் அந்நகரில் ஒரு வீட்டின் கதவையேனும் திறக்க இயலவில்லை. குடிமக்கள் உள்ளத்தில் அறக் கடன் இல்லாதபோது, அரசன் எழுதும் சட்டக் கடன் வெறும் காகிதமாகிறது. இந்தப் பாடத்தை அண்ணல் எந்த நூலிலிருந்தும் கற்கவில்லை. பூங்காவின் மரத்தடியில் அமர்ந்து கற்றார்.

ஒப்பந்தத்தை அவர் முறித்தார் என்று சிலர் குறை கூறலாம். நிறைவேற்ற வந்தவனை ஊரே விரட்டியபின், அவன்மேல் குற்றம் சுமத்துவது நீதியாகாது. மன்னர் கொடுத்த பொருளின் உள்நோக்கம், ஒடுக்கப்பட்ட மக்களுள் கற்றவர் தோன்ற வேண்டும் என்பதன்றோ? அந்த உள்நோக்கத்திற்குரிய கடனை அண்ணல் தம் ஆயுள் முழுதும் வட்டியும் முதலுமாகச் செலுத்தினார் என்பதே என் கருத்து.

இந்நிகழ்ச்சியால் அவர் ஒரு சமூகத்தார்மீது வன்மமும் கொள்ளவில்லை. பின்னாளில் மீண்டும் இலண்டன் சென்று படிப்பை முடிக்க அவருக்குக் கடன் கொடுத்து உதவியவர்களுள் நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் ஒருவர். கோல்காப்பூர் மன்னர் சாகு மகாராசரும் உதவினார். 1923-இல் பாரிஸ்டர் தகுதியுடன் திரும்பிய அண்ணல், பம்பாயில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

எரித்த நூலும் ஏற்ற ஆணையும்

அதே 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பம்பாய்ச் சட்டசபையில், எஸ். கே. போலே அவர்கள் கொணர்ந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பொதுப்பணத்தால் அமைந்த குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை முதலியவற்றைத் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். இதனைப் பின்பற்றிக் கொலாபா மாவட்டத்து மகாட் நகராட்சி, தன் சவுதார் குளத்தை 1924-இல் எல்லோர்க்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. அறிவித்ததேயன்றி, ஊராருக்கு அஞ்சி நம் மக்களுள் ஒருவரும் அக்குளத்தில் இறங்க முடியவில்லை. சட்டம் கொடுத்த உரிமை நகராட்சி அலுவலகத்துக் காகிதத்தில் உறங்கிக் கிடந்தது.

1927-ஆம் ஆண்டு மார்ச்சு 19, 20 ஆகிய நாட்களில் மகாடில் மாநாடு கூடிற்று. 20-ஆம் நாள் அண்ணல் முன்னே செல்ல, மக்கள் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினர். உடனே, இவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்னும் வதந்தி பரவியது. மாநாட்டுக்கு வந்தவர்கள் தாக்கப்பட்டனர். பலர் குருதி சிந்தினர். திருப்பித் தாக்கும் வலிமை நம்மவரிடம் இருந்தது. படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றோரும் அவர்களுள் இருந்தனர். அண்ணல் அவர்களைக் கட்டுப்படுத்தினார். குளத்தில் சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றித் தீட்டுக் கழித்தனர் மேற்சாதியார். நகராட்சியும் தான் முன்பு செய்த தீர்மானத்தை ஆகஸ்டு மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அண்ணல் டிசம்பர் மாதத்தில் இரண்டாவது மாநாட்டைக் கூட்டினார். இம்முறை குளத்து நீரைப் பருகியே தீர்வது என்னும் உறுதியுடன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மாநாட்டிற்குச் சில நாட்கள் முன்னர், மேற்சாதியார் சிலர் நீதிமன்றம் சென்று, குளம் தங்களுடைய தனிச்சொத்து என்று வழக்கிட்டு, அண்ணலும் அவரைச் சார்ந்தோரும் குளத்தை அணுகலாகாது என்னும் தற்காலிகத் தடையுத்தரவைப் பெற்றனர்.

டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்த மனுஸ்மிருதி மாநாட்டுப் பந்தலின் எதிரே எரிக்கப்பட்டது. மறுநாள், தடையுத்தரவை மீறுவதா வேண்டாமா என்னும் கேள்வி எழுந்தது. சிறை செல்லவும் ஆயத்தமாக மக்கள் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தனர். நெடுந்தொலைவிலிருந்து நடந்து வந்த ஏழைகள் அவர்கள். அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது எந்தத் தலைவருக்கும் எளிதன்று. ஆயினும் அண்ணல் நீதிமன்ற ஆணையை மீற வேண்டாம் என்று எடுத்துரைத்தார். மக்கள் அவர் சொல்லை ஏற்றனர். 27-ஆம் நாள், குளத்தைச் சூழ்ந்த வீதிகளில் ஊர்வலம் அமைதியாகச் சென்றது. ஒருவரும் நீரைத் தொடவில்லை.

முதல்நாள் ஒரு சட்ட நூலை எரித்தவர், அடுத்த நாட்களில் ஒரு சட்ட ஆணைக்குத் தலைவணங்கினாரே, இது முரண்பாடு அன்றோ என்று சிலர் வினவுவர். ஆழ்ந்து நோக்கின் முரண்பாடு இல்லை என்பது விளங்கும். மனுவின் விதி நம் இசைவு பெற்று எழுதப்பட்டதன்று. அதன் முன்னே நாம் வழக்காட இயலாது. நமக்கு வாயே இல்லை என்பதுதான் அவ்விதியின் முதல் வாக்கியம். இத்தகைய விதிக்கு மனிதன் பட்ட கடன் எதுவும் இல்லை. நீதிமன்றத்தின் தடையுத்தரவோ தற்காலிகமானது. சான்று காட்டினால் மாறக் கூடியது. அதன் முன்னே மேற்சாதியானும் மகாரும் வாதி, பிரதிவாதி என்னும் இரண்டே பெயர்களில் நிற்கின்றனர். இத்தகைய சட்டத்தை நமக்குக் கசக்கும்போது மீறிவிட்டால், நாளை நமக்கு இனிக்கும்போது பிறர் அதை மதிக்க வேண்டும் என்று எவ்வாறு கேட்பது?

அண்ணல் அவ்வழக்கை விடாது நடத்தினார். கீழ் மன்றங்களைக் கடந்து பம்பாய் உயர்நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. பழமையான வழக்கம் என்று மேற்சாதியார் கூறியது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வாய்த் தண்ணீருக்காக ஒன்பதாண்டுக்கு மேல் பொறுத்திருந்தார்கள் நம் மக்கள். அப்பொறுமை கோழைமையன்று. சட்டக் கடனை மதித்து, அதே சட்டத்தால் வென்ற பொறுமை அது.

பிறப்பால் சுமத்திய கடன்

சட்டம் என்று பெயர் பெற்ற எல்லாவற்றுக்கும் அண்ணல் தலைவணங்கினார் என்று எண்ணிவிடலாகாது. அநீதியான சட்டக் கடனைச் சட்ட வழியாலேயே அறுக்க முயன்றார். அதற்குச் சான்று மகார் வதன் என்னும் ஊழியமுறை.

பம்பாய் மாகாணத்தில் 1874-ஆம் ஆண்டின் பரம்பரை ஊழியச் சட்டப்படி, மகார்கள் ஊர் அதிகாரிகளுக்கும் அரசு அலுவலர்களுக்கும் இரவு பகல் என்று பாராமல் ஏவல் செய்ய வேண்டும். முறைக்காரன் ஊரில் இல்லையேல் அவன் வீட்டில் உள்ள தந்தையோ மகனோ செல்ல வேண்டும். இதற்குக் கூலியாகக் கிடைப்பது ஒரு துண்டு மானிய நிலமும், களத்தில் ஊரார் மனமுவந்து போடும் தானியமுமே. நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வெட்டியான், தோட்டி என்னும் பெயர்களில் இருந்த ஊழியங்களைக் கண்ட நம் மூத்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒருவன் கையெழுத்திட்டு ஏற்ற கடனுக்கும், கருவில் இருக்கும்போதே அவன்மேல் எழுதப்பட்ட கடனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னது ஒப்பந்தம், பின்னது விலங்கு. அண்ணல் 1928-ஆம் ஆண்டு இச்சட்டத்தைத் திருத்த மசோதா ஒன்றைச் சட்டசபையில் கொணர்ந்தார். அதன் உயிர்நாடியான பகுதிகளுக்கு எதிர்ப்பு வலுக்கவே, மறு ஆண்டு அதனைத் திரும்பப் பெற நேர்ந்தது. 1937-இல் மீண்டும் முயன்றார். அந்த ஊழியமுறை சட்டத்தால் ஒழிந்தது 1958-இல்தான். அப்போது அண்ணல் உயிருடன் இல்லை. விதைத்தவன் உண்ணாமற் போயினும் விளைச்சல் பொய்க்கவில்லை.

மானிய நிலத்தை இழந்துவிடுவோமே என்று நம்மவருள் சிலரே அஞ்சினர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. விலங்கு பொன்னால் ஆயினும் இரும்பால் ஆயினும், நெடுநாள் பூண்டவனுக்கு அது அணியாகத் தோன்றிவிடுகிறது.

ஆலைச் சங்கு

1938-ஆம் ஆண்டு பம்பாய் அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொணர்ந்தது. குறித்த முறைகளை முடிக்காமல் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது அது. சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தலைவராயிருந்த அண்ணல் சட்டசபையில் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவர் கூறிய காரணம் நம் பொருளோடு நெருங்கியது. வேலை செய்வதாக ஏற்ற ஒப்பந்தத்தை ஒருவன் மீறினால், அது சிவில் தவறு. நட்டத்துக்கு ஈடு கேட்கலாம். அதைக் கிரிமினல் குற்றமாக்கிச் சிறையில் அடைப்பதென்றால், விருப்பமில்லாதவனை வலிந்து வேலை வாங்குவதாகும். அதற்குப் பெயர் அடிமைத்தனம். இவ்வாறு வாதாடிய அண்ணல், ஏனைய தொழிற்சங்கத்தாருடன் கூடி நவம்பர் 7-ஆம் நாள் ஒருநாள் வேலைநிறுத்தத்தையும் நடத்தினார். மசோதா சட்டமாயிற்று, ஆயினும் வேலை நிறுத்தும் உரிமை மனிதனின் சுதந்திரத்தைச் சார்ந்தது என்னும் உண்மை தொழிலாளர் நெஞ்சில் பதிந்தது. பின்னர் 1942 முதல் 1946 வரை அவர் வைசிராய் நிருவாக சபையில் தொழில் உறுப்பினராக இருந்த காலத்தில், ஆலைகளின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத் திருத்தம் உருவாயிற்று.

இதை எழுதுகிறவன் பல ஆண்டுகள் ஆலையில் தறியோடு நின்றவன். ஆலைச் சங்கு ஊதியதும் உள்ளே இருக்க வேண்டும். பிந்தினால் கூலியில் பிடித்தம் உண்டு. அது சட்டக் கடன். அதை நாங்கள் யாவரும் செய்தோம். ஆனால் ஒருவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்து அவன் ஓடும்போது, அடுத்த தறிக்காரன் தன் தறியோடு அவன் தறியையும் பார்த்துக்கொண்டான். எந்த ஆலை விதியிலும் அது எழுதப்படவில்லை. அதற்குத் தனிக் கூலியும் இல்லை. விதி ஆலையை ஓட்டியது. விதியில் இல்லாத அந்த உதவிதான் எங்களை மனிதர்களாக வைத்திருந்தது.

சட்டத்துள் வைத்த அறம்

1947-ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. அண்ணல் முதல் சட்ட அமைச்சரானார். ஆகஸ்டு 29-ஆம் நாள் அரசியல் சட்ட வரைவுக் குழு அமைக்கப்பட்டு, அதன் தலைமையும் அவரை அடைந்தது. குளத்து நீரைத் தொடக் கூடாதென்று தடுக்கப்பட்ட கை, நாட்டின் அடிப்படைச் சட்டத்தை வரைந்தது. அச்சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதனைக் கைக்கொள்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அச்சட்டத்தில் நாம் நன்கு கவனிக்க வேண்டிய மற்றொரு பகுதி உண்டு. அஃது அரசுக்கு வழிகாட்டும் நெறிகள் என்னும் நான்காம் பகுதியாகும். உழைப்பவருக்கு வாழ்க்கைக்கு ஏற்ற ஊதியம், ஆண் பெண் இருவர்க்கும் சம வேலைக்குச் சம கூலி, நலிந்த மக்களின் கல்வி நலம் முதலியவற்றை அப்பகுதி அரசின் கடமையாகக் கூறுகிறது. ஆனால் இவற்றைச் செய்யவில்லை என்று அரசின்மேல் வழக்குத் தொடர இயலாது என்று 37-ஆவது பிரிவு வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. வழக்கிட முடியாத கடமையை எழுதி என்ன பயன் என்று அரசியல் நிருணய சபையில் பலர் கேட்டனர். அதற்கு அண்ணல் கூறிய விடை கருதத்தக்கது. நீதிமன்றத்தில் விடை கூறத் தேவையில்லாத ஆட்சியாளரும், தேர்தல் காலத்தில் மக்கள் முன்னே விடை கூறியே ஆக வேண்டும் என்பது அவர் கருத்து.

அறக் கடன் என்பது பயனற்ற சொல் அன்று என்பதற்கு அப்பகுதியிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45-ஆவது பிரிவு கூறியது. அதற்குக் குறித்த கெடு 10 ஆண்டுகள். கெடு கடந்தது, அரசை ஒருவரும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. ஆயினும் அவ்வெழுத்து அழியாமல் நின்று, ஆட்சியாளர் தலைமுறைகளை உறுத்திக்கொண்டே இருந்தது. 2002-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்குரிய சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒரு காலத்து அறக் கடன், அரை நூற்றாண்டு சென்றபின் சட்டக் கடனாக மாறியதைக் காண்கிறோம். இன்று அறமாக விதைப்பது நாளை சட்டமாக முளைக்கும்.

சட்டத்தின் எல்லையையும் அவரே அறிந்திருந்தார். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்குரிமையும் அளிக்கும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பல்லாண்டு உழைப்பால் உருவாக்கினார். அது கிடப்பில் போடப்பட்டபோது, 1951-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். பதவியில் நீடிக்க அவருக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. கொண்ட கொள்கைக்குப் பட்ட கடன் ஒன்றே அவரை வெளியே அழைத்து வந்தது.

தாமே ஏற்ற கடன்

1935-ஆம் ஆண்டு யேவலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அண்ணல் அறிவித்தார். அவ்வாக்குக்குப் பத்திரம் இல்லை, கெடுவும் இல்லை. 21 ஆண்டுகள் சமயங்களை ஆராய்ந்தார். சென்னைப் பேராசிரியர் இலட்சுமி நரசு அவர்களின் பௌத்த நூலுக்கு முகவுரை எழுதி, 1948-இல் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1898-இல், பண்டிதர் அயோத்திதாசரும் அவரைச் சார்ந்தோரும் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு தம்ம விளக்கை ஏற்றிய தமிழ் மண்ணுக்கு, இஃது ஓர் உறவாகும்.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பிக்கு சந்திரமணி மகாதேரர் திரிசரணமும் பஞ்சசீலமும் அளிக்க, அண்ணல் தம் துணைவியாருடன் தம்மத்தைத் தழுவினார். பின்னர் அங்குக் கூடிய இலட்சக்கணக்கான மக்களுக்கு அவரே தீட்சை அளித்து, 22 உறுதிமொழிகளையும் ஏற்கச் செய்தார். இரண்டு திங்களும் நிறைவதற்குள், டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் அவர் உடல் மறைந்தது.

பஞ்சசீலத்தின் அமைப்பை நோக்குங்கள். சட்டம் கொல்லாதே, திருடாதே என்று வெளியிலிருந்து ஆணையிடுகிறது. சீலமோ, கொல்லாமையையும் களவாமையையும் நானே மேற்கொள்கிறேன் என்று ஏற்பவன் வாயாலேயே சொல்ல வைக்கிறது. ஆணையிடுபவர் ஒருவரும் இல்லை. ஏற்பவன் ஒருவனே உளன். தில்லியில் இன்றும் நிற்கும் அசோகப் பேரரசரின் தூண் கல்வெட்டொன்று, மக்கள் அறத்தில் வளர விதி, மனமாற்றம் என இரு வழிகள் உண்டென்றும், அவற்றுள் விதியால் விளைவது சிறிது, மனமாற்றத்தால் விளைவதே பெரிது என்றும் உணர்த்துகிறது. சட்டத்தின் உச்சிக்கே சென்ற அண்ணலும், முடிவில் வந்து சேர்ந்த இடம் அதுவே. சட்டம் தீண்டுபவனின் கையைத் தடுக்கும்; தீட்டு என்று எண்ணும் மனத்தைத் தொடாது. மனத்தைத் தொடுவதற்குத் தம்மம் வேண்டும்.

நம்முடைய கடன்

அந்த உறுதிமொழிகளை ஏற்றவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். பட்டியல் சாதியாருக்குரிய 1950-ஆம் ஆண்டு ஆணை பௌத்தரை உள்ளடக்கவில்லை. 1990-இல் சட்டம் திருத்தப்படும்வரை, ஏறத்தாழ 34 ஆண்டுகள், தம்மம் தழுவியோர் மத்திய அரசின் சலுகைகளைப் பெற இயலாதிருந்தனர். பழைய பெயரிலேயே இருந்திருந்தால் வேலையும் உதவித்தொகையும் கிடைத்திருக்கும். ஏற்ற சொல்லின் பொருட்டு அவற்றை இழந்தவர் பலர். அவர்களை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது?

இன்று அவ்விடர் நமக்கு இல்லை. ஆயினும் நம் நிலை யாது? விகாரையில் சரணம் கூறிவிட்டு, வீட்டில் நாளும் கோளும் பார்க்கிறோம். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, பிள்ளைகளுக்கு மணம் பேசும்போது உட்சாதி கேட்கிறோம். பிறரைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. தீட்சை பெற்ற மூன்றாம் ஆண்டில் என் தந்தையார் காலமானார். இறந்தார்க்குப் பிண்டம் இடமாட்டேன் என்று உறுதிமொழி ஏற்ற நான், உறவினர் முகத்துக்கு அஞ்சிப் பழைய முறைப்படி பிண்டம் இட்டேன். சங்கத்தார் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எந்த மன்றமும் அழைப்பாணை அனுப்பவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாதியும் நானே, பிரதிவாதியும் நானே, நீதிபதியும் நானே என்றிருந்த அவ்வழக்கில் எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. அதன்பின்னரே நான் தம்மத்தைப் பிறர்க்கு எடுத்துக் கூறும் பணியை மேற்கொண்டேன்.

சட்டக் கடனில் தவறியவனைப் பிடிக்கக் காவலர் உண்டு. ஆதலால் அது நம்மைத் தேடி வரும். அறக் கடனில் தவறியவனை எவரும் தேடி வாரார். ஆதலால் அதனை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும். கேட்பார் இல்லாத கடன் என்பதால் அது இலேசாகிவிடுவதில்லை. கேட்பதற்கு வேறு ஆள் இல்லாமையால், அதன் பாரம் முழுதும் நம் தோள்மீதே நிற்கிறது.

நல்ல சட்டத்தை மதித்து நடப்போம். தீய சட்டத்தைச் சட்ட வழியால் மாற்றுவோம். எழுதப்படாத கடனை, எழுதப்பட்டதினும் விழிப்போடு செலுத்துவோம். அண்ணல் நமக்குக் காட்டிச் சென்ற நெறி இம்மூன்றுமே. அடுத்த பௌர்ணமியன்று சரணம் கூற அமரும்போது, நாம் ஏற்ற உறுதிமொழிகளுள் எதனை நாம் செலுத்தாது வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வோமாக.

அனைவர்க்கும் மங்களம் உண்டாகுக. நமோ புத்தாய!